அஸ்மீர் எடுக்காத பக்கெட்டுகள்

மகன்,

இதை நீ தனியாக வாசிக்கவில்லை. உன் கார்ட் கடையின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற அத்தனை பேரோடும் சேர்ந்துதான் வாசிக்கிறாய். முதலில் என் கையில் தந்திருக்கலாமே டடி என்று கேட்பாய். கேள். அஸ்மீரைப் பற்றி நீ எழுதியதை அவனும் இப்படித்தான், ஊரோடு சேர்ந்து, வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வாசித்தான். அவனுக்குக் கிடைக்காத மரியாதை உனக்கு மட்டும் எதற்கு? பெற்ற அப்பன் எழுதுகிற எழுத்தா இது என்று யாராவது கேட்டால், ஓம், பெற்ற அப்பன்தான் எழுதுகிறேன். நல்ல கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் முக்கால்வாசி என்மேல் உள்ள கோபம். மிச்சம் யார்மேல் என்பது போகப் போக உனக்கு விளங்கும்.

உனக்கு அடுத்த மாதம் கலியாணம். போன ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் அழைப்பிதழ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நான் உறைகளில் பெயர் எழுதினேன். டடியின் கையெழுத்து அச்சு மாதிரி என்று சொல்லி அந்த வேலையைத் தந்ததே நீதான். கொட்டாஞ்சேனையில் நமக்குத் தெரிந்தவர்கள், வெள்ளவத்தையில் பெண் வீட்டார் சொன்னவர்கள், உன்னோடு கந்தோரில் வேலை செய்கிறவர்கள், கடைக்கு வருகிறவர்கள் என்று பட்டியல் நீளமாக இருந்தது. அஸ்மீரின் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் இருந்தவன், உன்னோடு சேர்ந்து கடை போட்டவன், உனக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போவது தான்தான் என்று பத்து வருஷமாகச் சொல்லித் திரிந்தவன். பேனையை வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டேன். "அஸ்மீர்ட வீட்டுக்கு ஒண்டு அனுப்பேல்லையா மகன்?" நீ ஃபோனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "கள்ளனுக்கு என்ன டடி இன்விட்டேஷன்?" என்றாய். சமைத்துக்கொண்டிருந்த உன் அம்மா குசினியிலிருந்து, "நல்ல காரியத்துக்குள்ள அதை ஏன் இப்ப கதைக்கிறீங்கள்?" என்று சத்தம் போட்டாள். நான் பேனையை எடுத்து அடுத்த பெயரை எழுதினேன். அன்றைக்கு முழுக்க எழுதினேன். அந்த உறைகளைத்தான் நீ இப்போது வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு திரிகிறாய். கள்ளன் எழுதிய உறைகள் அவை, மகன். உன் கடையின் கார்ட் பக்கெட்டுகளைத் தராசில் நிறுத்துப் பொறுக்கி வெளியே விற்றது அஸ்மீர் அல்ல. நான்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த விளையாட்டுக் கார்டுகள் ஒட்டி மூடிய சின்ன உறையில், பக்கெட்டில்தான் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலானவற்றில் சாதாரணக் கார்டுகள்தான், எப்போதாவது ஒன்றில் மினுங்குகிற கார்ட் வரும், அதற்குத்தான் இத்தனை அடிபிடி. மினுங்குகிற கார்டில் மெல்லிய உலோகப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். அதனால் அந்தப் பக்கெட் மற்றதைவிட ஒரு மயிரிழை கூட நிறுக்கும். சாதாரண ஆளின் கைக்கு அது தெரியாது. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வாழ்நாள் முழுக்கத் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். ஓய்வு பெற்று வரும்போது ஒரு பழைய டிஜிட்டல் தராசை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேனே, அது உனக்கு நினைவிருக்கும். வீட்டில் அதில் நிறுப்பதற்கு என்ன இருக்கிறது? சீரகத்தை நிறுத்தேன். உன் அம்மாவின் தாலிக்கொடியை மாதத்துக்கு ஒரு தரம் நிறுத்தேன். "உங்களுக்கு விசர்" என்று அவள் ஏசினாள்.

பிறகுதான் நீ, வீட்டில் சும்மா இருந்து அம்மாவோடு சண்டை பிடிக்காமல் கடையில் வந்து இருங்கோ டடி என்று கூப்பிட்டாய். கிழமை நாட்களில் உனக்குக் கந்தோர். கடையைப் பார்ப்பது அஸ்மீர்தான். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல், மின்விசிறிக்குக் கீழே எனக்கென்று உட்கார ஒரு கதிரை. வெள்ளிக்கிழமைகளில் அவன் ஜும்ஆவுக்குப் போவான். போகும்போது, "அங்கிள், ஒரு மணித்தியாலம் பாத்துக்கொள்ளுங்க, சரியா?" என்று சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பிளேன்டீயும் எடுத்து வைத்துவிட்டுப் போவான். அந்த ஒரு மணித்தியாலம்தான். அவன் தொழுகிற நேரத்தில் நான் பையிலிருந்து தராசை எடுத்தேன். முதல் தரம் வெறும் விளையாட்டுக்குத்தான் செய்தேன், சத்தியமாக. ஒரு பெட்டியில் உள்ள பக்கெட்டுகளை நிறுத்து, எடை கூடிய ஒன்றை என் காசைக் கொடுத்து வாங்கி உடைத்துப் பார்த்தேன். மினுங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பாய். இத்தனை வருஷம் அடுத்தவன் தங்கத்தை நிறுத்தவன், முதல் முறையாக எனக்காக நிறுத்தேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஹெந்தளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவானே ஒருவன், உன் கடையில் வாங்கி வேறிடத்தில் விற்கிறவன், அவன் ஒரு வெள்ளிக்கிழமை படியேறி வந்து நான் தராசோடு இருப்பதைக் கண்டுவிட்டான். பயந்துபோனேன். அவனோ கையைப் பிடித்து, "அங்கிள், மரு! பிரமாதம்! இந்தக் கை தங்கம் அங்கிள்!" என்றான். முதலாளி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. கிழவனுக்குப் புகழ்ச்சி எவ்வளவு ருசி என்று உனக்கு இப்போது தெரியாது. கனத்த பக்கெட்டுகளை நான் பொறுக்கி எடுத்தேன், ஒவ்வொன்றின் விலையையும் கல்லாவில் வைத்தேன், பின் அவனுக்குக் கூடிய விலைக்குக் கொடுத்தேன். கல்லாக் கணக்குச் சரியாக இருந்தது. அதனால் இது களவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களவில்லாமல் வேறென்ன? பொறுக்கியெடுத்த பிறகு மிஞ்சிய வெறும் பக்கெட்டுகளை, இதில் அதிர்ஷ்டம் இருக்கலாம் என்று நம்பி வந்தவர்கள் தலையில் கட்டினோம். நீயும் அஸ்மீரும் தெரியாமல் கட்டினீர்கள். நான் தெரிந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கியில் வேலை செய்கிற அந்தப் பிள்ளை சம்பளத்துக்கு மறுநாள் வந்து இரண்டு பக்கெட் வாங்கி, என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தே உடைப்பாள். "ஒண்டுமில்ல அங்கிள், என்ட ராசி அப்பிடி" என்று சிரிப்பாள். நான் அவளுக்கு டொஃபி கொடுத்து ஆறுதல் சொன்னேன். வெட்கங்கெட்ட மனுஷன். வீட்டில் நிற்கிற புது ஃப்ரிட்ஜ் ஈபிஎஃப் காசின் மிச்சத்தில் வாங்கியது என்று சொன்னேன் அல்லவா? அதுவும் பொய்.

போன வருஷம் அந்தச் சனிக்கிழமையை மறக்க ஏலாது. மேசைகள் நிறைய ஆட்கள். அந்த வங்கிப் பிள்ளை ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ ஒருவன் இணையத்தில் "கனத்த பக்கெட், மினுக்கு நிச்சயம்" என்று படம் போட்டு விற்கிறான். பக்கெட்டின் மேல் உன் கடையின் வட்ட ஸ்டிக்கர். ஹெந்தளைக்காரன் சோம்பேறி, அதை உரிக்கக்கூட இல்லை. அவள் கத்தினாளா? இல்லை. "ஒரு வருஷமா எனக்கு வெறும் பக்கெட்தானே தந்திருக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாள். நீ ஃபோனை வாங்கிப் பார்த்தாய். பிறகு அஸ்மீரிடம் திரும்பி, "பெட்டி உடைக்கிறது யார்?" என்று கேட்டாய். அவன், "நான்தான் மச்சான். ஸ்டிக்கர் ஒட்டுறதும் நான்தான். ஆனா நான் இது செய்யல்ல" என்றான். நீ அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் பக்கம் பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு சொல் போதும், நான்தான் மகன் என்று. அதற்குப் பதிலாக நான் சொன்னது, "திறப்பு ரெண்டுதானே இருக்கு, மகன்." அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கடைப் பூட்டுக்குத் திறப்பு இரண்டுதான். ஒன்று உன்னிடம், மற்றது அவனிடம். கதிரையில் இருக்கிற கிழவனிடம் திறப்பு இல்லை.

நீ எல்லாருக்கும் முன்னால் அவனிடம் திறப்பைக் கேட்டு வாங்கினாய். அவனுடைய பையைத் திறந்து காட்டச் சொன்னாய். அவன் காட்டினான். தொழுகைத் தொப்பி, சாப்பாட்டுப் பெட்டி, அவன் சொந்தக் கார்ட் அல்பம். அந்த அல்பத்திலும் எது கடையுடையது என்று உன் ஆட்கள் இரண்டு பேர் புரட்டிப் பார்த்தார்கள். அதே கடையில், அதற்கு ஆறு மாதத்துக்கு முன், ஒருவன் மேசையிலிருந்து அடுத்தவர் அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது கடற்கரை ரயில் பாதை வரைக்கும் துரத்திப் போய், ஒரு செருப்பை விட்டுவிட்டு, முழங்காலில் இரத்தத்தோடு அதைத் திருப்பிக் கொண்டுவந்தவன் இதே அஸ்மீர்தான். அன்றைக்குக் கைதட்டியவர்கள்தான் அந்தச் சனிக்கிழமை அவன் பையைப் பார்த்தார்கள். பின்னேரம் நீ குழுவில் எழுதினாய், போலீசுக்குப் போகாமல் விட்டதே பழகின தோஷத்துக்காக என்று. அதற்குக் கீழே சிலர் அவன் குடியிருக்கிற மாளிகாவத்தை என்றாலே இப்படித்தான் என்று எழுதினார்கள், அவன் ஆட்களைப் பற்றி வேறும் எழுதினார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். நீயும் வாசித்தாய். ஒன்றையாவது அழித்தாயா?

உனக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், நகைக்கடையில் ஒரு தரம் ஒரு காதுப்பூ காணாமல் போன கதையை. எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் வாசலில் நிறுத்தி, சட்டைப் பையை வெளியே இழுத்துவிடச் சொன்னார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். மறுநாள் அது முதலாளியின் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, "சரி சரி, வேலையைப் பார்" என்றார்கள். அந்தப் பைகளை உள்ளே தள்ளிக்கொண்டு நின்றபோது எனக்கு எப்படி இருந்தது என்று நீ சின்னவனாக இருக்கும்போதே சொல்லி அழுதிருக்கிறேன். அது தெரிந்த மனுஷன் நான். அஸ்மீர் தொப்பியை மடித்து மறுபடி பைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷனும் நான்தான். கலியாணம் கட்டப்போகிற உனக்கு ஒரே ஒரு புத்தி சொல்வேன். பொய் சொன்னால் அன்றைக்கே உடைத்துவிடு. முதல் நாள் சொல்ல வெட்கமாக இருக்கும், ஒரு கிழமை போனால் பயமாக இருக்கும், ஒரு வருஷம் போனால் அது பழகிவிடும், அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றிலும் மோசம். நான் சோறு தின்றேன், தூங்கினேன், பூசைக்குப் போய் நற்கருணையும் வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அவனுக்கு நடந்தது. கார்ட் உலகம் சின்னது. கொழும்பில் வேறெந்தக் கடையிலும் அவனைப் போட்டிக்குச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சேர்த்த தன் அல்பத்தை விற்கப் பார்த்தான், களவுப் பொருளாக இருக்கும் என்று யாரும் வாங்கவில்லை. கடைசியில் அதைக் கால் விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? அந்த ஹெந்தளைக்காரன். இதை அவனே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு நான் அவனுக்கு ஒரு பக்கெட்டும் கொடுக்கவில்லை, அதை ஒரு பெரிய நல்ல காரியமாக நினைத்துக்கொண்டேன் பார், அப்படிப்பட்ட ஆள் நான்.

அழைப்பிதழ் எழுதின மறுநாள் மாளிகாவத்தைக்குப் போனேன். நாலாம் மாடி. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்தது அஸ்மீர்தான். இப்போது ஃபோன் திருத்துகிற கடையில் வேலையாம், அன்றைக்கு லீவு. மெலிந்துபோயிருந்தான். "வாங்க அங்கிள், உள்ளுக்கு வாங்க" என்றான். தண்ணீர் கொண்டுவந்து தந்தான். நான் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா என்று கேட்காதே. சொல்லி முடிக்கும் வரைக்கும் அவன் முகம் மாறவேயில்லை.

"தெரியும் அங்கிள்" என்றான்.

"எப்பயிருந்து?"

"அண்டைக்கேதான்."

ஃபோனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான். இன்னும் வைத்திருக்கிறான். பக்கெட்டின் இடது மூலையில் நகத்தால் அழுத்திய ஒரு சின்னப் பிறை. செட்டியார் தெருவில் நிறுத்து முடிந்த பொட்டலத்தில் நாங்கள் வைக்கிற அடையாளம் அது, மறுபடி நிறுக்காமல் இருப்பதற்காக. என் கை தானாகச் செய்யும். பால்மா பக்கெட், பனடோல் அட்டை, சீனிப் பை, நம் வீட்டில் பிறை இல்லாத பொருள் கிடையாது. படத்தில் அது அவ்வளவு தெளிவாக இருந்தது. "கடையில பிஸ்கட் பக்கெட்லயும் நீங்க இப்பிடித்தானே வெப்பீங்க" என்றான்.

"அப்ப ஏன் மகன் நீ சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்டு பாத்துக்கொண்டு இருந்தன். ஒரு நாள் பாத்தன், ஒரு மாசம் பாத்தன். பொறகு விட்டுட்டன்." ஃபோனை எடுத்து வைத்துவிட்டு, "அதோட, யாருக்கு அங்கிள் சொல்ற? அவனும்தானே கண்டான்" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் நிதானமாகச் சொன்னான். "நான் அவன்ட பக்கத்தில நிண்டன். படத்த விரலால பெருசாக்கினான். அந்த மூலைக்கு வந்து நிப்பாட்டினான். கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டான். பொறகு படத்த சின்னதாக்கிட்டுத்தான் எனக்கிட்ட கேட்டான், பெட்டி உடைக்கிறது யாருன்டு."

மகன், நான் மாளிகாவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே வந்தேன். வழி முழுக்க அந்தச் சனிக்கிழமையைத்தான் யோசித்தேன். நீ என் பக்கம் பார்த்தாய் என்று மேலே எழுதினேன். தகப்பனிடம் யோசனை கேட்கிற பிள்ளையின் பார்வை என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன். நீ கேட்டது யோசனை இல்லை என்றால், திறப்பு இரண்டுதான் என்று நான் சொன்னது எதற்குப் பதில்? பிறையைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அஸ்மீருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் போகுமா? உங்களைப் பாதுகாக்கத்தான் செய்தேன் டடி என்று மட்டும் வந்து சொல்லாதே. அந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுத்தது வேறு வீட்டுப் பிள்ளை. ஒருவேளை அஸ்மீர் பிழையாக நினைத்திருக்கலாம், நீ உண்மையிலேயே காணாமல் இருந்திருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் நான் மாதாவிடம் கேட்கிறேன். ஆனால் அன்றைக்கு ஏன் அவ்வளவு அவசரமாகத் திறப்பை வாங்கினாய்?

இதையெல்லாம் நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனவள் இன்னும் என்னோடு கதைக்கவில்லை. பெண் வீட்டார் இதை வாசிப்பார்கள், தெரியும். கலியாணத்தில் ஏதாவது வந்தால் என் தலையில் போடு, நான் அதற்குத் தகுந்தவன். வங்கிப் பிள்ளைக்கும் வெறும் பக்கெட் வாங்கின மற்றவர்களுக்கும், கேட்டு வருகிறவர்களுக்கு என்னால் இயன்றதைத் திருப்பித் தருவேன்.

கதவடியில் வைத்து அஸ்மீரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எழுதுறதென்டா என்ட பேரப் போட்டு எழுதுங்க அங்கிள். அவன் பேரப் போட்டுத்தானே எழுதினான்" என்றான். சரி. அஸ்மீர் களவெடுக்கவில்லை. எடுத்தது நான். நான் எழுதவேண்டியது இத்தோடு முடிந்தது. அவனை நீ குழுவிலிருந்து நீக்கிவிட்டாய், அதனால் அந்த வங்கிப் பிள்ளை இதை அவனுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். இதற்குக் கீழே நீ எழுதப்போவதையும் காட்டுவாள்.